சிந்தசைசர் வாங்குவதா, மடிக்கணினியே போதுமா?

உம்மா கட்டி வந்த சீட்டு சென்ற வருடக் கடைசியில் எங்களுக்கு விழுந்தது. கூரை ஓடு மாற்றிய செலவு போக 60,000 ரூபா மிஞ்சியது. "இது உனக்கு. ஆனால் ஒரு சாமான்தான் வாங்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் வாப்பா.

பாட்டுக்கு மெட்டமைப்பது தரம் 8 இலிருந்தே எனக்குள்ள ஆசை. மீலாத் விழாவிலும் தமிழ் மொழித் தினத்திலும் எங்கள் வகுப்புப் பாடிய சில பாடல்களுக்கு மெட்டுப் போட்டவள் நான். அதுவரை என்னிடம் இருந்தவை ஒரு றபானும், நானா படித்து முடித்துத் தந்த பழைய மடிக்கணினியும்தான். நகரக் கடையொன்றில் பாவித்த சிந்தசைசர் ஒன்று 58,000 ரூபாவுக்கு இருந்தது. அதை வாங்குவதா, அல்லது இருக்கிற மடிக்கணினியில் சிந்தசைசரை மென்பொருளாக நிறுவிக்கொள்வதா என்பதுதான் கேள்வி. மூன்று கிழமை தேடிப் படித்தேன். அதில் அறிந்தவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் தோழியருக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் வீட்டிலும் அது பேசப்பட்டது. அதைத் தீர்த்துச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை. எதற்குப் பயன்படுத்துகிறேன், எவ்வளவு நேரம் செலவிடுகிறேன் என்று வாப்பா கேட்டார். தொழுகையும் படிப்பும் பிந்தக் கூடாது என்று உம்மா சொன்னார். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுதான் தொடங்கினேன்.

சிந்தசைசர் என்ன செய்கிறது?

சாதாரண கீபோர்டில் பியானோ, வயலின் என்று முன்பே பதிவு செய்த ஓசைகள் இருக்கும். சிந்தசைசரோ ஓசையை அடியிலிருந்து உருவாக்குகிறது. உயர்தரப் பௌதிகவியலில் அலைகள் படித்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். முதலில் ஒரு அலையியற்றி அலையை உண்டாக்குகிறது. அதன் மீடிறன் சுருதியைத் தீர்மானிக்கிறது. அந்த அலையில் அடிப்படைச் சுரத்தோடு பல மேற்றொனிகளும் கலந்திருக்கும். அடுத்து வரும் வடிகட்டி அவற்றில் சிலவற்றை வெட்டிவிடும். ஓசை கூர்மையாக ஒலிப்பதும் மங்கலாக ஒலிப்பதும் இந்த வெட்டைப் பொறுத்தது. கடைசியாக வீச்சம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பது அமைக்கப்படுகிறது. சட்டென்று எழுந்து தணிந்தால் தந்தியைச் சுண்டியது போலிருக்கும். மெல்ல எழுந்தால் ஊதும் கருவி போலிருக்கும்.

வன்பொருள் சிந்தசைசரில் இந்த வேலையை ஒரு பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று செய்கிறது. மென்பொருள் சிந்தசைசரில் அதே வேலையைக் கணினி கணக்கிட்டுச் செய்கிறது. வேறுபாடு இவ்வளவுதான்.

பெட்டியின் காலம்

அமெரிக்கப் பொறியியலாளர் ரொபேர்ட் மூக் 1964 இல் தமது சிந்தசைசரை உருவாக்கினார். ஐந்து வருடங்களுக்குள் அது நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. இந்தியாவின் அகமதாபாத் நகரிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 இல் மூக் சிந்தசைசருடன் ஓர் இசைக்கூடம் அமைக்கப்பட்டது. அங்கே இசையமைத்தவர்களில் கீதா சாராபாய் என்ற பெண்மணியும் ஒருவர் என்று அறிந்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி. 1982 இல் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை இணைத்து, பத்து இராகங்களைத் துரித தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று பெரிதாக யாரும் கவனிக்காத அந்த இசைத்தட்டு 2010 இல் மீண்டும் வெளியிடப்பட்டபோது உலகமே வியந்து கேட்டது.

1983 இல் இரண்டு முக்கிய விடயங்கள் நடந்தன. ஒன்று, யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்-7 வெளிவந்தது. ஓர் அலையால் இன்னோர் அலையின் மீடிறனை அசைத்து, கண்ணாடி மணி போன்ற ஓசைகளை அது தந்தது. மற்றது, மிடி என்ற பொது மொழி அறிமுகமானது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் "இந்தச் சுரம், இவ்வளவு அழுத்தம்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள இது வழி செய்தது. மிடி கம்பியில் ஓசை போவதில்லை. கட்டளை மட்டுமே போகிறது. அந்தக் கட்டளையைக் கணினியும் புரிந்துகொள்ளலாம் என்பதால்தான் இன்று எனக்கு இந்தக் கேள்வியே எழுந்தது.

தமிழ்த் திரையிசையும் இதே பாதையில் நடந்தது. 1986 இல் வெளியான புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கணினியின் உதவியோடு அமைத்த இசை அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அவரிடம் கீபோர்ட் வாசித்தவர்களில் ஏ. ஆர். ரஹ்மானும் ஒருவர். ரஹ்மானின் தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரையுலகில் பணியாற்றிய இசைக்கலைஞர். 1976 இல் அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்து அந்தக் குடும்பம் வாழ்ந்தது. பின்னர் சென்னையில் தம் வீட்டோடு சேர்த்தே ஒரு சிறு ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, கீபோர்டுகளையும் கணினியையும் வைத்து உழைத்தார் ரஹ்மான். அங்கிருந்து வந்ததுதான் 1992 இன் ரோஜா. இதை வாசித்ததும் வன்பொருளின் ஒரு குணம் எனக்கு விளங்கியது: அது ஒரு சொத்து. விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம்.

கணினிக்குள் வந்த கருவி

1996 இல் ஜெர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற முறையை வெளியிட்டது. ஓசை மெருகூட்டும் கருவிகளை மென்பொருளாகச் செய்து இன்னொரு மென்பொருளுக்குள் பொருத்த அது இடமளித்தது. 1999 இல் முழு இசைக்கருவிகளும் அவ்வாறே பொருத்தும் வசதி வந்தது. இன்று டிஎக்ஸ்-7 இன் ஓசையை அப்படியே தரும் டெக்ஸ்ட் என்ற மென்பொருள் இலவசம். சேர்ஜ் எக்ஸ்டி இலவசம். வைட்டல் என்பதற்கும் ஓர் இலவசப் பதிப்பு உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஎக்ஸ்-7 உம் உண்மையில் இலக்கங்களைக் கணக்கிட்டே ஓசை தந்த கருவிதான். எனவே "பெட்டியில் வருவது உண்மையான ஓசை, கணினியில் வருவது போலி" என்று கடைக்காரர் சொன்னது எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தாது. மின்னழுத்தத்தாலேயே அலையை உண்டாக்கும் பழைய முறைக் கருவிகளுக்கு மட்டும் அதில் ஓரளவு நியாயம் உண்டு.

மென்பொருளில் எனக்கு முதலில் வந்த தொல்லை தாமதம். சுரத்தை அழுத்தினால் ஓசை பிந்தி வந்தது. றபான் அடிக்குச் சேர்ந்து வாசிக்கவே முடியவில்லை. காரணம் இதுதான்: கணினி ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகளைக் கணக்கிடுகிறது, ஆனால் ஒவ்வொன்றாக அனுப்பாமல் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புகிறது. 512 மாதிரிகள் ஒரு கட்டென்றால் ஏறத்தாழ 11.6 மில்லிசெக்கன் பிந்தும். 4 மீற்றர் தூரத்தில் நின்று வாசிப்பவரைக் கேட்பது போன்றது அது. கட்டை 128 ஆகக் குறைத்தால் 2.9 மில்லிசெக்கன்தான். கணினி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். அதற்கேற்ற இயக்கி மென்பொருளை நிறுவி, கட்டைக் குறைத்த பிறகு நிலைமை சீரானது. ஆனால் அதிகம் குறைத்தால் பழைய கணினி திணறி, ஓசை நொறுங்கி வரும். தனிப்பெட்டியில் இந்த அலைச்சல் இல்லை. பொத்தானை அமுக்கினால் வாசிக்கலாம்.

நம் பாடல்களுக்கு வேறொரு தேவையும் உண்டு. கமகம் இல்லாமல் நம் மெட்டு உயிர் பெறாது. சுரத்தை வளைக்கும் சில்லு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தே எந்தக் கருவியையும் வாங்க வேண்டும். அரபு மெட்டுகளில் அரைச் சுரத்துக்கும் நடுவில் நிற்கும் சுரங்கள் வரும். அதற்கென்றே செய்யப்பட்ட கீபோர்டுகள் உண்டு. விலை எங்களுக்கு எட்டாது. சேர்ஜ் எக்ஸ்டியில் சுர அளவுகளை நாமே மாற்றி அமைக்கலாம்.

2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்கலம் நல்ல நிலையில் உள்ள மடிக்கணினி அந்த இருட்டிலும் ஒன்றிரண்டு மணித்தியாலம் ஓடும். பல சிந்தசைசர்கள் மின்சாரம் போனதும் அணைந்துவிடும். மறுபக்கம், மென்பொருளுக்கு வயதாகும். கணினியின் இயங்குதளம் மாறினால் அது வேலை செய்யாமல் போகலாம். நாற்பது வருடப் பழைய டிஎக்ஸ்-7 களோ இன்றும் ஒலிக்கின்றன.

இலவசம் வேறு, திருட்டு வேறு

ஒரு கடையில், பல இலட்சம் ரூபா பெறுமதியான இசை மென்பொருள்களை 1,500 ரூபாவுக்கு பென்டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனம் தடுமாறியது உண்மை. "அதைச் செய்த மனுசனுக்குக் காசு போகுமா?" என்று வாப்பா ஒரு கேள்வி கேட்டார். போகாது. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். செய்தவர்களே மனமுவந்து இலவசமாகத் தருபவற்றுக்குள்ளேயே ஒருவர் வருடக்கணக்கில் கற்க இடமிருக்கிறது. வைரஸ் பயமும் இல்லை.

உம்மும்மாவின் ஹார்மோனியம்

முடிவெடுக்க உதவியது உம்மும்மா. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, அவர்களின் வீட்டில் ஒரு ஹார்மோனியம் இருந்தது. மூத்தப்பா பாட்டுக் கட்டிய ஹார்மோனியம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடுத்த உடையோடு புறப்பட்டவர்கள் அதைத் தூக்க முடியுமா? புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை, அதுவும் இல்லை. மூத்தப்பா அதைப் பார்க்க உயிரோடும் இருக்கவில்லை.

"தூக்கிக்கொண்டு போக ஏலாத சாமான் வாங்காத மகள்" என்றார் உம்மும்மா. மென்பொருளின் பக்கம் தராசு சாய்ந்தது. நான் கட்டிய மெட்டுகள் அனைத்தும் ஒரு விரலளவு பென்டிரைவில் அடங்கிவிடும் என்று காட்டினேன். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா அந்த ஹார்மோனியத்தை அவர் தொட்டா வீடு முழுக்க வந்து இருக்கும். நீ காதுக்குள்ள எதையோ செருகிக்கொண்டு தனிய இருக்கிறாய்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் வாங்கியது

இறுதியில், 25 சுரக்கட்டைகள் கொண்ட சிறிய மிடி கீபோர்ட் ஒன்றை 22,000 ரூபாவுக்கும், மடிக்கணினிக்கு நினைவகத்தை 12,000 ரூபாவுக்கும் வாங்கினேன். உம்மும்மா சொன்னதற்காக 9,000 ரூபாவுக்கு ஒரு ஒலிபெருக்கியும் வாங்கினேன். மீதி 17,000 ரூபாவை உம்மாவிடம் கொடுத்தேன்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். விழா ஒத்திகையில் பாட்டின் நடுவே மடிக்கணினி உறைந்து நின்றுவிட்டது. தோழியர் றபானோடு பாடி முடித்தார்கள். கடையிலிருந்த அந்தப் பெட்டியாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது என்று அன்றிரவு அழுதேன். அதன் பிறகு மேடைக்கு வேண்டியதை முன்பே ஒலிப்பதிவாக்கி, கைபேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன்.

தோழியரே, மேடையில் நேரடியாக வாசிப்பதே உங்கள் நோக்கமென்றால், கணினித் திரையைப் பார்த்தால் கவனம் சிதறுமென்றால், கையால் திருகிக் கற்க விரும்பினால், பணம் சேர்த்து நல்ல பாவித்த பெட்டி ஒன்றை வாங்குங்கள். கடையிலேயே ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பாருங்கள்; கடற்காற்றில் இருந்த கருவிகளில் சில கட்டைகள் ஒலிக்காமல் போவதுண்டு. வீட்டிலிருந்து மெட்டமைப்பதுதான் வேலையென்றால், கணினி ஏற்கெனவே இருக்குமென்றால், ஒரு சதமும் செலவழிக்காமல் இலவச மென்பொருளில் மூன்று மாதம் பழகுங்கள். பெற்றோரே, அந்த மூன்று மாதத்துக்குப் பிறகும் பிள்ளை ஆர்வத்தோடு இருந்தால் காசைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

மகரிபுக்குப் பின் அரை மணித்தியாலம் எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம். இப்போது ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் வாசிக்கிறேன். சென்ற கிழமை உம்மும்மா மூத்தப்பாவின் மெட்டொன்றை முணுமுணுத்தார். முதல் இரண்டு அடி பிடித்துவிட்டேன். மூன்றாவது அடி அவருக்கு இன்னும் நினைவு வரவில்லை.