கார் ரேடியோவை மாற்றுமுன்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். கையடக்கத் தொலைபேசியிலுள்ள கிராஅத்தைக் காரில் பிள்ளைகளுக்குக் கேட்கச்செய்ய விரும்பி, சிகரெட் லைட்டரில் செருகும் எப்.எம். கருவியொன்றை வாங்கினார். சத்தமே வரவில்லை. ரேடியோ பழுதென்று எண்ணி, புதியது வாங்கக் கடன் கேட்டு வந்துவிட்டார்!

குறை ரேடியோவில் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களின் ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். அவரோ கருவியை 100இல் வைத்திருந்தார். 87.5க்கும் 90க்குமிடையே, வேறு ஒலிபரப்பில்லாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னேன். கேட்டது.

உங்கள் காரில் கெசட் போடும் வசதியிருந்தால் இதைவிடத் தெளிவான வழியுண்டு. வயர் பொருத்திய கெசட் ஒன்றிருக்கிறது. அதனுள் ஒலிநாடா கிடையாது. சிறிய காந்தச் சுருளொன்று ரேடியோவின் ஹெட்டுக்கு நேரே நின்று ஒலியைக் கொடுக்கும். 3.5 மி.மீ. ஒக்ஸ் துளை இருந்தாலோ ஒரு வயரே போதும்.

கூடவே சார்ஜரையும் செருகினால், எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் கூவல் கேட்கலாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கூவல் நின்றால், ‘கிரவுண்ட் லூப் ஐசலேட்டர்’ என்னும் சிறு பெட்டியை ஒலி வயரின் நடுவே இணைத்தால் அடங்கிவிடும்.

வயர் பிரேக் பக்கம் தொங்கக்கூடாது. கேட்கவேண்டியதைப் புறப்படுமுன்னரே தெரிவுசெய்து வையுங்கள்.