ஸ்லோ குக்கர்: பெயரும் பொருளும்

சென்ற குளிர்காலத்தில் என் மகன் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கி வந்தான். தில்லி வந்தபின் ராஜ்மா நம் வீட்டுச் சமையலாகிவிட்டதே! முதல் நாளே ராஜ்மாவை ஊறவைத்து, தக்காளி, மசாலா சேர்த்து, 'லோ'வில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் வீடெல்லாம் மணம். ராஜ்மா மட்டும் சற்றே நறுக்கென்று இருந்தது. "பரவாயில்லை" என்று சாப்பிட்ட நானும் என் கணவரும் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப்பொருள் இயற்கையாகவே உண்டு. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். அரைகுறையாகச் சூடுபட்டால் பச்சை ராஜ்மாவைவிட அதிகக் கெடுதல் செய்யும். ஆகவே குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கரில் போட வேண்டும். பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால், அதில் குழைய வேகவைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இனி, கையேட்டில் வரும் சொற்களைப் பார்ப்போம்.

ஸ்லோ குக்கர், க்ராக் பாட்: முன்னது பொதுப்பெயர், பின்னது ஒரு கம்பெனியின் வணிகப்பெயர். இந்தப் பாத்திரத்துக்கு அமெரிக்காவில் 1940-இல் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்ஸன். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டாத யூதர்கள், முதல் நாள் மாலையே ரொட்டிக்கடை அடுப்பின் ஆறும் சூட்டில் வைத்துவிடும் 'சோலண்ட்' என்னும் உணவுதான் அவருக்கு வழிகாட்டி. நம் பாட்டிமார் கும்மட்டித் தணலில் பால் காய்ச்சிய கதைதான்!

லோ, ஹை: காஸ் அடுப்பின் சிறு தீ, பெருந்தீ என்று நினைத்து நானும் ஏமாந்தேன். இரண்டிலும் சூடு கடைசியில் கொதிநிலையை ஒட்டித்தான் வந்து நிற்கும். போய்ச் சேரும் நேரம்தான் வேறு. ஹையில் 4 மணி நேரம் என்றால் லோவில் ஏறக்குறைய 8 மணி நேரம்.

வார்ம்: வெந்ததை ஆறாமல் வைக்க மட்டுமே. இதில் சமைக்கவோ, ஃப்ரிஜ்ஜில் வைத்ததைச் சூடாக்கவோ கூடாது.

ஸ்டோன்வேர்: உள்ளே இருக்கும் பீங்கான் பானை. ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்து நேரே சூட்டில் வைத்தால் விரிசல் விடும்.

மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தால் சமையல் 20 நிமிடமாவது தள்ளிப்போகும். நீர் வற்றாது, ஆகையால் குறைத்தே ஊற்றுங்கள். பானையில் பாதிக்குக் குறையாமல், முக்காலுக்கு மேற்படாமல் இருக்கட்டும். புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகு, தயிர் கடைசியில்.

அமெரிக்காவிலிருந்து கொண்டு வருபவர்கள் கவனிக்க: அங்கு 120 வோல்ட், இங்கு 230. இரவில் கரண்ட் போய், எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு ராஜ்மா, காஸில் அரை மணி கொதித்த பிறகே பானைக்குள் இறங்குகிறது. இருந்தாலும் "கொதித்ததா?" என்று கேட்காமல் என் கணவர் தட்டில் கை வைப்பதில்லை.