கைப்பிள்ளைக் காவல் – 9: உச்சிக்குழி

தீராத வயிற்று வலியோடு தவித்த பகழிக்கூத்தர், திருச்செந்தூர் முருகன்மேல் பிள்ளைத்தமிழ் பாடி வலி நீங்கப்பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வயிறு சரியில்லாத பிள்ளைகளை இந்த ஊரில் இன்றும் இரண்டு இடத்துக்குத் தூக்கிப்போகிறார்கள். முதலில் சந்நிதியில் பன்னீர் இலை விபூதி. அப்புறம் பிள்ளை டாக்டர். கந்த சஷ்டிக்குக் கூட்டம் கூட்டமாக வந்து, கடற்கரையிலும் மண்டபத்திலும் நாள்கணக்கில் தங்குகிறபோது, கிடைத்த தண்ணீரையும் கிடைத்த சோற்றையும் முதலில் தாங்காமல் போவது கைப்பிள்ளைகளின் வயிறுதான்.

டாக்டரிடம் தாய்மார் சொல்கிற சொற்களை உற்றுக் கேட்க வேண்டும். "குடல் ஏத்தம்னு தட்டியாச்சு, நிக்கல." "உச்சிக்குழி பள்ளமாயிட்டு." "கண்ணு உள்ள போயிட்டு, அழுதா தண்ணி வரல." குடல் எங்கும் ஏறுவதில்லை, அதை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் அச்சு அசலாக மருத்துவப் பாடம். பிள்ளையின் உடம்பில் நீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்க டாக்டரும் கண்ணையும் உச்சிக்குழியையும்தான் பார்க்கிறார். வயிற்றுத் தோலை லேசாகப் பிடித்து விடுவார். மடிப்பு இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நின்றால் நிலைமை மோசம்.

கண் சரியாகத்தான் பார்க்கிறது. கைதான் தப்பு செய்கிறது. பள்ளத்தில் எண்ணெய் வைக்கிறோம். அதில் கெடுதல் பெரிதாக ஒன்றுமில்லை. "குடிச்சாத்தானே போகுது" என்று தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்துகிறோமே, அதுதான் ஆபத்து.

குடிக்கக் கொடுப்பதுதான் உயிரைக் காக்கும் என்பதற்கு 1971 சாட்சி. அந்த ஆண்டு வங்க எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. குழந்தை மருத்துவரான திலீப் மஹலனாபிஸ், உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

பேதியில் குடல் வெறும் உப்பை உள்ளே எடுக்கத் திணறும். குளுக்கோஸ் கூட வந்தால் எடுத்துக்கொள்ளும். உப்பு போன வழியே தண்ணீரும் போகும். ஆக, இனிப்பு இங்கே ருசிக்கு இல்லை, உப்புக்கு வழித்துணை. அளவு மீறினால் கதை தலைகீழ். மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அதனால்தான் ஓஆர்எஸ் என்கிற இந்தக் கரைசலுக்கு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் கலருக்கும் இதே கணக்குதான்.

ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கண்ணால் மட்டம் பார்த்து அல்ல. ஒவ்வொரு முறை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி. ஐந்து வயது வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. துத்தநாக மாத்திரையை டாக்டர் 14 நாளுக்கு எழுதுவார். பேதி நின்றதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிற வீடுகள்தான் அதிகம்.

பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் கண்டால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டால், வலிப்பு வந்தால், சந்நிதி வரிசையில் நிற்க நேரமில்லை. 108ஐக் கூப்பிடுங்கள். ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் சுமார் 40 கிலோமீட்டர். பிள்ளைக்கு விழுங்க முடிகிறதென்றால், வண்டியில் தாயின் மடியிலேயே, ஆறுமுகநேரி தாண்டும்போதும் ஆத்தூர் தாண்டும்போதும், கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.