பிழைச் செய்தியே தேடுசொல்

சிறிய இணையதளம் ஒன்றை நடத்துபவர், அது பழுதடைந்ததும் தேடுபொறியில் முதலில் தட்டச்சு செய்வது பெரும்பாலும் 'வெப்சைட் வேலை செய்யவில்லை' என்ற தவிப்பைத்தான். தேடுபொறி என்பது ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்களிலிருந்து, கேட்கப்பட்ட சொற்களுக்குப் பொருந்துபவற்றை எடுத்துத் தரும் கருவி. ஒரு தளம் வேலை செய்யாமல் போவதற்கு எத்தனையோ காரணங்கள் இருப்பதால், அத்தகைய பொதுவான கேள்விக்கு அத்தனையும் கலந்த குவியலே விடையாக வரும். மாறாக, பழுதின்போது மென்பொருள் தானே எழுதிக் காட்டும் பிழைச் செய்தி, அதே மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே வாசகமாகவே தோன்றுவதால், அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் எழுதிவைத்த பக்கத்திலும் அதே வரி இருக்கும். எனவே பழுது பார்ப்பதில் கடினமான பகுதி தேடுவதற்கு முன்பே, அதாவது சரியான வரியைக் கண்டெடுப்பதிலேயே இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது மூன்றிலக்க எண். நான்கில் தொடங்கும் எண்கள், கேட்ட முறையில் அல்லது கேட்ட முகவரியில் குறை என்பதையும், ஐந்தில் தொடங்குபவை, தளத்தைத் தாங்கி நிற்கும் கணினியான சர்வரின் பக்கத்தில் குறை என்பதையும் பொதுவாகக் குறிக்கின்றன. 404 என்றால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. 403 என்றால் அனுமதி இல்லை. ஆனால் எண்ணை மட்டும் தேடுவது போதாது, அது தோன்றும் சூழலையும் சேர்க்க வேண்டும். முகப்புப் பக்கம் திறந்து, கட்டுரைகள் அனைத்தும் 404 காட்டுகின்றன என்ற விவரத்தோடு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடினால், 'பெர்மாலிங்க்' எனப்படும் நிலையான முகவரி அமைப்பைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமிக்கச் சொல்லும் விடை வந்துவிடும். அவ்வாறு சேமிக்கும்போது முகவரி விதிகள் புதிதாக எழுதப்படுகின்றன, பெரும்பாலும் அதுவே போதுமானது.

சில வேளைகளில் உண்மையான செய்தி மறைந்திருக்கும். 2019-இல் வெளியான வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பு முதல், நிரல் முறிந்தால் பார்வையாளருக்குப் பொதுவான ஒரு வரி மட்டுமே காட்டப்படுகிறது; எந்தப் பிளகின், அதாவது எந்தத் துணைநிரல், முறிவுக்குக் காரணம் என்ற விவரம் தள நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அனுப்பப்படுகிறது. அந்த அஞ்சல் வந்து சேராவிட்டால், டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் பிழைப்பதிவை இயக்கி, பதிவுக் கோப்பைத் திறந்து பார்க்கலாம். வேலை முடிந்ததும் பிழைப்பதிவை அணைத்து, பதிவுக் கோப்பையும் நீக்கிவிட வேண்டும். பதிவுக் கோப்பில் கிடைக்கும் நீண்ட வரியில் தளத்தின் பெயர், பயனர் பெயர், கோப்புறைப் பாதை ஆகியவை அந்தத் தளத்துக்கே உரியவை என்பதால், அவற்றை வெட்டிவிட்டு, எஞ்சிய பொதுப் பகுதியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், அதே தொடர் உள்ள பக்கங்கள் முன்னால் வரும். இதனால் தேடல் கூர்மையாவதுடன், தளத்தின் உள்விவரங்களும் வெளியே போகாமல் இருக்கும். தேவையற்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி இட்டால், அச்சொல் உள்ள பக்கங்கள் விலக்கப்படும்.

விடை கிடைத்தபின் பார்க்க வேண்டியது அதன் தேதி. இதில்தான் பலர் நாள் முழுவதையும் இழக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்துடன் இணைவதற்கு பிஎச்பி நிரல்மொழியில் இருந்த பழைய கட்டளைத் தொகுதி, 2013-இல் வந்த 5.5 பதிப்பில் கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. அந்தத் தொகுதியின் கட்டளை வரையறுக்கப்படவில்லை என்ற செய்தியைத் தேடுபவருக்கு, விடுபட்ட தொகுதியை நிறுவச் சொல்லும் பழைய விடைகளும் வரும்; அவை எழுதப்பட்ட காலத்தில் சரியானவை, இன்றைய சர்வரில் பயனற்றவை. செய்ய வேண்டியது, அந்தக் கட்டளையை நம்பியிருக்கும் பழைய பிளகினையோ நிரலையோ புதுப்பிப்பது. தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடையிலும் வெவ்வேறு பதிப்புகளின் செய்திகள் கலந்துவிடக்கூடும் என்பதால், மூலப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே முறை.

தமிழ்த் தளங்களில் எழும் ஒரு சிக்கல் தனியாகப் பேசத்தக்கது. தளங்களுக்குச் சர்வரில் இடம் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தளத்தை மாற்றியதும், கட்டுரைகளில் தமிழுக்குப் பதிலாக, தலைக்குறி இட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மீண்டும் மீண்டும் வரிசையாகத் தோன்றுவதுண்டு. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றின் முதல் பைட் எப்போதும் ஒன்றே. அந்த பைட்டுகளை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியாக்கம் என்று தவறாகக் கொண்டு கணினி படிப்பதே இந்தக் கோலத்துக்குக் காரணம். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் லத்தீன்-1 இயல்பான அமைப்பாக இருந்ததால், பழைய தளங்களில் இது அடிக்கடி நேர்கிறது. அந்தக் குறிகளையே ஒட்டித் தேடுவதில் பெரும் பயன் இல்லை. இத்தகைய எழுத்துச் சிதைவைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'மோஜிபாகே' என்ற சொல்லோடு யூடிஎஃப்-8, லத்தீன்-1, மைஎஸ்க்யூஎல் ஆகிய பெயர்களைச் சேர்த்துத் தேடினால் வழி கிடைக்கும். எழுத்துகள் சிதைந்து தெரிந்தாலும் பைட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், மீட்பு சாத்தியம். ஆனால் தமிழுக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் தெரிந்து, தரவுத்தளத்தை நேரடியாகத் திறந்து பார்க்கும்போதும் அவையே இருந்தால், மூல எழுத்துகள் சேமிக்கும்போதே அழிந்திருக்கும் வாய்ப்பு மிகுதி; அப்போது பழைய காப்புப்பிரதிதான் துணை. வெற்றுக் கட்டங்கள் தெரிவது இவை இரண்டிலும் சேராது. அது பெரும்பாலும் எழுத்துரு இல்லாத குறை. இந்த வேறுபாடுகளைத் தமிழில் விளக்கும் பக்கங்கள் அரிதாகவே தேடலில் வருகின்றன; சிக்கலைத் தீர்த்தவர்கள், செய்தியையும் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு எழுதிவைத்தால், அடுத்துத் தேடுபவருக்கு அது பேருதவி.

கிடைத்த தீர்வைச் செய்துபார்க்கும் முன், கோப்புகள், தரவுத்தளம் ஆகிய இரண்டையும் படியெடுத்து வைப்பதும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்வதும் தவிர்க்க முடியாதவை. இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய இயலாது. பிழையை ஒரே சொடுக்கில் சரிசெய்வதாக விளம்பரப் பகுதியில் வரும் மென்பொருள்களைப் பதிவிறக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

சில பழுதுகள் தள உரிமையாளரின் கைக்கு எட்டாதவை. தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற செய்தி வந்தால், அமைப்புக் கோப்பில் உள்ள தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி ஆகிய நான்கையும் சரிபார்க்கலாம். நான்கும் சரியாக இருந்தும் இணையவில்லை என்றால், தரவுத்தளச் சர்வர் நின்றுபோயிருக்கலாம். அப்போது பழுது தொடங்கிய நேரம், முழுப் பிழைச் செய்தி, கடைசியாகச் செய்த மாற்றம், அதுவரை சரிபார்த்தவை ஆகியவற்றை ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினால், அங்குள்ள பொறியாளர் முதற்கட்டக் கேள்விகளைக் கேட்காமல் நேராகச் சர்வரைப் பார்க்கத் தொடங்கலாம்.