பாலை ஒளிக்கும் மாடு: ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவை

“மாடு பாலை ஒளிக்குது, ஊசி போட்டுக் கறக்கலாமா?” தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வட்டாரத்தில் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தீவனம் சரியாக இருக்கும். மடியும் கனத்துத்தான் இருக்கும். கறக்க உட்கார்ந்தால் மட்டும் காலைத் தூக்கும், வாலை அடிக்கும், ஒன்றிரண்டு லிட்டரோடு பால் நின்றுவிடும். இப்படிப்பட்ட மாடுகளில் பலவற்றுக்கு மடியில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. கறக்க வருபவரைக் கண்டு பயப்படுகின்றன.

முதலில் வலி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காம்பில் வெடிப்பு, புண், உண்ணி இருக்கலாம். முதல் பீச்சல் பாலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தாலோ, மடியின் ஒரு பக்கம் சூடாகவோ கல்லாகவோ இருந்தாலோ அது மடிவீக்க நோய். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

பயந்தால் பால் ஏன் நிற்கிறது?

மடியில் உள்ள பாலில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள தேக்கத்தில் தயாராக இருக்கும். மீதிப் பால் மடிக்குள் இருக்கும் மிக நுண்ணிய பால் பைகளில் இருக்கிறது. அதை எவ்வளவு அழுத்திக் கறந்தாலும் வராது. கன்று முட்டும்போதோ, நாம் மடியைக் கழுவித் தடவும்போதோ மாட்டின் மூளையில் இருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்புநீர் இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அது பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. இதைத்தான் ‘சுரப்பு விட்டது’ என்கிறோம். தடவ ஆரம்பித்து ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இது தொடங்கும். சில நிமிடங்களே நீடிக்கும்.

பயந்த மாட்டில் ஆக்சிடோசின் சரியாகச் சுரப்பதில்லை. அதோடு அட்ரினலின் என்ற இன்னொரு சுரப்புநீர் பெருகி, மடிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. 1941-ல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். மாட்டின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள், பால் இறங்கவில்லை. அட்ரினலினை ஊசியில் ஏற்றியபோதும் அப்படியே நடந்தது. (இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது.)

நமக்கு அதைவிடப் பயன்படுவது கனடாவில் நடந்து 1999-ல் வெளிவந்த ஆய்வு. ஒரே மாடுகளிடம் ஒருவர் எப்போதும் இதமாக நடந்துகொண்டார், இன்னொருவர் கடுமையாக நடந்துகொண்டார். பிறகு கறக்கும் நேரத்தில் அந்தக் கடுமையானவர் அருகில் வந்து நின்றார், அவ்வளவுதான். அடிக்கவில்லை, தொடவும் இல்லை. கறந்து முடித்த பின் மடியில் தங்கிவிட்ட பால் 70 சதவீதம் அதிகமாக இருந்தது. மாடு ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறது. மடியில் தங்கும் பால் நாளுக்கு நாள் சேர்ந்தால், புதிதாகப் பால் ஊறுவதும் குறைந்துகொண்டே போகும். ‘ஈன்றபோது நன்றாகக் கறந்தது, இரண்டு மாதத்தில் வற்றிவிட்டது’ என்று சொல்லப்படும் மாடுகளில் சில இந்த வகை.

காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியே அளந்து பாருங்கள்

மணிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பினப் பசு. காலையில் கறவைக்காரர் வந்து கறப்பார். மாலையில் வீட்டு அம்மா கறப்பார். காலையில் மூன்று லிட்டர், மாலையில் நான்கு. இரவு இடைவெளி நீளம் என்பதால் சாதாரணமாகக் காலைப் பால்தான் கூடுதலாக இருக்கும். இங்கே தலைகீழாக இருந்தது. “அவரு சைக்கிள் சத்தம் கேட்டாலே காலைத் தூக்குதுங்க சார்” என்றார் அந்த அம்மா. மாட்டை விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரர் விலை பேசி முடித்திருந்தார்.

கறவைக்காரரையும் குறை சொல்ல முடியாது. விடிவதற்குள் பத்துப் பதினைந்து வீடு முடிக்க வேண்டிய மனிதர். வந்ததும் பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டி, அசைந்தால் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, மடியைத் தடவாமலே கறப்பார். நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: அவர் வருவதற்கு முன் அம்மா மடியைக் கழுவித் தடவி வைக்க வேண்டும், கறந்து முடியும் வரை தவிட்டுக் கூடையோடு மாட்டின் தலைப்பக்கம் நிற்க வேண்டும், அவர் தட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. முதல் வாரம் பெரிய மாற்றமில்லை. மூன்றாம் வார முடிவில் காலைப் பால் மாலையைத் தாண்டியது. மாடு இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

எல்லா மாடும் மூன்று வாரத்தில் திரும்பிவிடும் என்று சொல்லமாட்டேன். வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாடு, கன்று இறந்த மாடு ஆகியவற்றுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

புறநகரில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

முன்பு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய்த் திரும்பும் வரை மாடும் மனிதனும் பாதி நாள் ஒன்றாக இருந்தார்கள். நிலங்கள் மனைகளாகிவிட்ட இடங்களில் மாடு முழங்கயிறு நீளத்தில் கட்டப்பட்டே நிற்கிறது, அல்லது தெருவில் அலைகிறது. மனிதன் அதைத் தொடுவது கறக்கவும், ஊசி போடவும், கட்டி இழுக்கவும்தான். மனிதன் கை பட்டாலே தொல்லை என்று மாடு பழகிவிடுகிறது. ரயில் சத்தம், விமானச் சத்தம் போன்ற வழக்கமான ஒலிகளுக்கு மாடுகள் பெரும்பாலும் பழகிவிடும். திடீர் வெடிச்சத்தத்துக்குப் பழகாது. நமக்குக் கேட்காத கீச்சொலிகூட மாட்டுக்குக் கேட்கும். தீபாவளி வாரத்தில் வெடிக்கும் நேரத்துக்கு முன்பே கறந்துவிடுவது நல்லது. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் மாட்டிடம் எவ்வளவு அன்பாக இருந்தாலும் பால் வராது. முதலில் கூரை மேல் ஓலை போட்டு, மாட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள்.

பழக்கும் முறை

கையை நீட்டிக்கொண்டு மாட்டின் முன்பக்கமாக மெதுவாக நடந்து போங்கள். எத்தனை அடி தூரத்தில் அது தலையைத் திருப்புகிறது அல்லது பின்வாங்குகிறது என்று பாருங்கள். தொடும் வரை நின்றால் பயமில்லை. நான்கைந்து அடியிலேயே விலகினால் வேலை இருக்கிறது. வாரம் ஒருமுறை இதைச் செய்து பார்த்தால் முன்னேற்றம் தெரிந்துவிடும். பின்பக்கமாகப் போகாதீர்கள், நேர் பின்னால் நிற்பதை மாட்டால் பார்க்க முடியாது.

தடவுவதற்கு ஏற்ற இடம் கழுத்தின் அடிப்பக்கம், அலைதாடி. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று. வியன்னாவில் செய்த ஆய்விலும் அங்கே தடவியபோதுதான் மாடுகள் அதிகமாகக் கழுத்தை நீட்டி, காதைத் தொங்கவிட்டு நின்றன. அங்கே தொடங்கி, சில நாள் கழித்து விலா, பிறகு தொடை, கடைசியில் மடி என்று கையை நகர்த்துங்கள். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே பக்கம் உட்கார்ந்து கறப்பது நல்லது. வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி ஒரு நிமிடம் தடவி, உடனே கறக்கத் தொடங்கி ஆறேழு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். கட்டைவிரலை மடித்து அழுத்திக் கறப்பது காம்பை வலிக்க வைக்கும்; முழுக்கையால் கறப்பதே சரி. தலையீத்துக் கிடேரிகளுக்குச் சினை ஏழாம் மாதம் முதலே மடிப்பக்கம் தொட்டுப் பழக்கிவிடுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் வீடுகளில் புதிதல்ல. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 516 பண்ணையாளர்களிடம் கேட்டு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் 305 நாள் கறவையில் மாட்டுக்கு 258 லிட்டர் கூடுதலாக இருந்தது. பெயர் வைத்ததால் மட்டுமே பால் கூடியது என்று இதற்குப் பொருளில்லை. பெயர் வைப்பவர் ஒவ்வொரு மாட்டையும் தனியாகக் கவனிப்பவராகவும் இருப்பார். அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் இது பொருந்தும். சுவீடனில் 58 நாய்களின் முடியில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்புநீரை அளந்தார்கள். வளர்ப்பவர்களின் தலைமுடியில் அது கூடினால் நாயின் முடியிலும் கூடியிருந்தது. எப்போதும் கட்டிப்போட்டு, கறக்கும் நேரத்தில் குரைத்துத் துள்ளும் நாயைத் தொழுவத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள். காலையில் கொஞ்ச நேரம் அவிழ்த்து நடத்துங்கள்.

ஊசி பற்றி

ஆக்சிடோசின் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. பால் கூடுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி குற்றம். இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. சட்டத்தை விடுங்கள், கணக்குப் பார்த்தாலும் நட்டம். தொடர்ந்து ஊசிக்குப் பழகிய மாடு, ஊசி இல்லாதபோது தானாகச் சுரப்பு விடுவது குறைந்துபோகிறது.

ஏற்கெனவே ஊசி போட்டு வருபவர்கள் நிறுத்தும்போது முதல் சில நாள் பால் குறையும். பயந்து மறுபடி தொடங்கிவிடாதீர்கள். கன்று இருந்தால் முதலில் ஊட்டவிட்டுக் கறவுங்கள். ஒரு வாரமாகியும் மடி கனத்தே நின்றால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லுங்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கறவை மாடு வளர்ப்பு பற்றிக் கேட்கலாம். போகும்போது காலை, மாலைப் பால் அளவை ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துச் செல்லுங்கள். யார் கறந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.