‘வேகம்’ என்றால் எவ்வளவு?

காலை மணி பத்து. மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டும். ஏ.ஸி. பெட்டியில் தட்கல் டிக்கெட் எடுக்க மும்பையிலும் பெங்களூரிலும் எத்தனையோ பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். கம்ப்யூட்டர் திணறினால் பயணம் போச்சு.

இந்தத் திணறலைத் தடுக்கும் வேலை, மென்பொருள் எழுதுமுன்பே தொடங்க வேண்டியது. ஆலோசகர் விவரம் கேட்டால், “வேகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்” என்று எரிந்து விழும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. “எந்த நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள்? எத்தனை விநாடி காத்திருக்கலாம்?” என்று பொறுமையாகக் கேட்டு, பதிலை எண்ணாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும்.

சராசரிக் கணக்கு ஏமாற்றிவிடும். நாளொன்றுக்கு 14,400 டிக்கெட் என்றால் நிமிடத்துக்கு 10 தான். அதில் பாதிப் பேர் முதல் பத்து நிமிடத்திலேயே வந்து நின்றால்? நிமிடத்துக்கு 720! டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்த எந்தக் குமாஸ்தாவுக்கும் இது தெரியும்.

ரயில்வேயின் இணைய முன்பதிவே இதற்குச் சான்று. 2014 ஆகஸ்டில் புதிய அமைப்பு வந்தபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. அத்துடன் விடவில்லை. 2015 ஜூனில் தட்கல் நேரத்தையும் பிரித்து, ஏ.ஸி. வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று ஆக்கினார்கள். இயந்திரத்தைப் பெருக்குவது ஒரு வழி. கூட்டத்தைப் பிரித்துவிடுவது இன்னொரு வழி. இரண்டையும் எடுத்துச் சொல்லி வாடிக்கையாளரை இணங்க வைப்பதே ஆலோசகரின் சாமர்த்தியம்.

அந்த எண்ணை ஆரம்பத்தில் கேட்கத் தயங்கினால், நஷ்டம் அவர்கள் இருவருக்கு மட்டுமல்ல; பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு டிக்கெட் கிடைக்காமல் நிற்பவருக்கும்தான்.