குளிருக்கும் அஞ்சாத கிருமி

ஜோர்ஜ்டவுனில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகை செல்சியசைத் தாண்டும். பேரங்காடியில் வாங்கிய பால், பினாங்குப் பாலத்து நெரிசலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு வீடு சேர்கிறது. குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டால் கவலையில்லை என்றே பலரும் நினைக்கின்றனர். பிறகு, காலாவதி நாளுக்கு முன்பே அந்தப் பால் திரிந்துவிடுவது ஏன்?

கடையில் குளிரூட்டி விற்கப்படும் பால் வழக்கமாக 72 பாகையில் 15 வினாடி சூடாக்கப்படுகிறது. காசநோய்க் கிருமி போன்றவை இதில் மடிந்துவிடும். ஆனால் மண், தீவனம், சாணம் ஆகியவற்றில் வாழும் சில கிருமிகள், சூழ்நிலை பாதகமானால் தடித்த உறை போர்த்தி விதைபோல் உறங்கிவிடும். இதை வித்து என்பர். பசுவின் மடியில் ஒட்டிப் பாலில் கலக்கும் வித்தை அந்தச் சூடு கொல்வதில்லை. சில வேளைகளில் உறக்கத்திலிருந்து எழுப்பியும் விடுகிறது!

எழுந்த கிருமிகளில் சில குளிரிலும் வளரும். 1998-இல் பெயரிடப்பட்ட 'பசில்லஸ் வைஹென்ஸ்டெஃபானென்சிஸ்' என்ற கிருமி 7 பாகையிலும் பெருகும். 'பேனிபசில்லஸ்' என்பது இன்னொரு வகை. இவை பாலின் புரதத்தைச் சிதைப்பதால் கசப்பு ஏறுகிறது. புளிக்காமலேயே பால் திரிகிறது.

"நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்பார் பாட்டி. அங்கேதான் ஆபத்து. 'பசில்லஸ் சீரியஸ்' கிருமியில் ஒரு வகை, வெளியே நெடுநேரம் கிடக்கும் உணவில் வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிநீர்ச் சூட்டிலும் அந்த நஞ்சு அழியாது. குழந்தைகளும் முதியோரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? கடையில் மற்றவற்றை எல்லாம் எடுத்த பிறகு, கடைசியாகப் பாலை எடுங்கள். குளிர் காக்கும் பையில் கொண்டு வாருங்கள். குளிர்பெட்டி 4 பாகையில் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். அடிக்கடி திறக்கும் கதவுத் தட்டில் வைக்காமல், உள்ளே வையுங்கள். திறந்த பாலைச் சில நாளில் முடித்துவிடுங்கள். அதிவெப்பத்தில் பதப்படுத்திய பெட்டிப் பாலில் பெரும்பாலான வித்துகள் அழிந்துவிடும். ஆனாலும் திறந்தபின் அதற்கும் குளிர் தேவை.

சுவை மாறிய பாலைக் காய்ச்சிப் பார்க்க வேண்டாம், ஊற்றிவிடுங்கள். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.